இது யாருக்கு வேணும் தாயி?

அருப்புக்கோட்டையில் பார்லர் நடத்துகிறேன் என்று சொன்னால், "ஐப்ரோ, பேஷியல், கல்யாண மேக்கப், அதானே?" என்று முடித்துவிடுகிறார்கள். முக்கால்வாசி வேலை அதுதான். முகூர்த்த நாள்களில் ராத்திரி இரண்டு மணிக்கு எழுந்து, பெட்டியைத் தூக்கிக்கொண்டு மண்டபத்துக்கு ஓடுவதில்தான் கடை வாடகை வருகிறது. ஆனால் எனக்குத் தொழில் கற்றுக்கொடுத்தவை விலைப்பட்டியலில் இல்லாத வேலைகள். சுவரில் ஒட்டியிருக்கும் பட்டியலை மேலும் கீழும் பார்த்துவிட்டு, கடையில் வேறு ஆள் இல்லை என்று தெரிந்ததும், "ஒண்ணு கேக்கணும், தப்பா நினைக்காதீங்கக்கா" என்று ஆரம்பிப்பார்களே, அந்த வேலைகள்.

எங்கள் பக்கம் வானம் பார்த்த பூமி. கடைக்கு வருகிறவர்களில் பாதிப் பேர் திருச்சுழி, நரிக்குடி, ரெட்டியபட்டி, பந்தல்குடி, பரளச்சி பக்கமிருந்து பஸ் பிடித்து வருகிறவர்கள். சீமைக்கருவேலை வெட்டி மூட்டம் போட்டுக் கரி எடுக்கிறவர்கள், நூறு நாள் வேலைக்குப் போகிறவர்கள், மில்லில் ஷிப்ட் பார்க்கிறவர்கள், தறி ஓடும் வீட்டுப் பெண்கள், விடியுமுன்னே வேனில் ஏறிப் பட்டாசு ஆபீசுக்குப் போகிறவர்கள். போர்த் தண்ணீர் உப்பு. ஷாம்பு போட்டால் நுரை வராது. பங்குனியில் ஏறுகிற வெயில் ஐப்பசி மழை வரைக்கும் இறங்காது. அழகுக்கலை வகுப்பில் ஏசி அறையில் உட்கார்ந்து படித்த பாடம் இந்தத் தோலுக்கும் இந்த முடிக்கும் பாதிதான் பொருந்தும். மீதியைக் கேட்டுக் கேட்டுத்தான் தெரிந்துகொள்ள வேண்டும்.

யார் எதைக் கேட்டாலும் நான் முதலில் கேட்பது ஒன்றுதான். "இது யாருக்கு வேணும்?" சிலர் "எனக்குத்தான்" என்பார்கள். அப்படியென்றால் தோலுக்குக் கேடு வராத எல்லை வரைக்கும் எதற்கும் கூடவே வருவேன். "மாப்பிள்ளை வீட்டுல சொன்னாக", "எங்க அத்தை அனுப்பிச்சாக", "சாமி சொல்லிருச்சு" என்று பதில் வந்தால் நாற்காலியை இன்னும் கொஞ்சம் பக்கத்தில் இழுத்துப் போட்டுக்கொள்வேன். அங்கேதான் வேலை இருக்கிறது.

சடையைப் பற்றி முதலில் சொல்லிவிடுகிறேன்.

திருச்சுழிக்கு அந்தாண்டை ஒரு கிராமத்திலிருந்து ஐம்பது வயதுக்கு மேற்பட்ட ஒரு அம்மாவை அவர் மகள் கூட்டிவந்தாள். முந்தானையால் தலையை மூடியிருந்தார். கதவைச் சாத்தச் சொன்னார். முந்தானையை எடுத்தால், பின்மண்டையில் முடி பலகைபோல ஒட்டிப் போய், அதிலிருந்து நாலைந்து கயிறுகளாகத் திரண்டு தொங்குகிறது. ஒன்று இடுப்பைத் தாண்டி நீளம். "சடை விழுந்துருச்சு தாயி. இருக்கன்குடி ஆத்தா எறங்கியிருக்கான்னு சொல்லிட்டாக" என்றார். வெள்ளிக்கிழமை தோறும் வீட்டில் அவர் முன்னால் சூடம் கொளுத்துகிறார்கள். பக்கத்து ஊரிலிருந்து குறி கேட்க ஆள் வருகிறது. மல்லாந்து படுத்துத் தூங்கி வருஷக்கணக்காகிறது. கழுத்து நரம்பு இழுக்கிறது. உள்ளே பேனும் அரிப்பும்.

அவர் என்னிடம் கேட்டது இதுதான்: "சடை அப்படியே இருக்கட்டும். உள்ள அரிக்கிறதுக்கு மட்டும் ஏதாச்சும் பண்ணு." மகளோ பின்னால் நின்றுகொண்டு, வெட்டிவிடுங்கள் என்று எனக்குக் கையால் ஜாடை காட்டுகிறாள். யாருக்கு வேணும் என்ற கேள்வியை அன்றைக்கு இரண்டு பேரிடமும் தனித்தனியாகக் கேட்க வேண்டியிருந்தது. மகளை டீ வாங்கிவர அனுப்பிவிட்டுக் கேட்டேன். கொஞ்ச நேரம் பேசாமல் இருந்துவிட்டு, "வெட்டுனா வீட்டுல யாரையாச்சும் கொண்டுக்கிரும்னு சொல்றாக. பேரன் சின்னப்பய" என்றார். அவருக்கு அது பாரம்தான். பயம் பேரனுக்காக.

சடை எப்படி விழுகிறது என்பதில் மர்மம் ஏதும் இல்லை. காய்ச்சலிலோ துக்கத்திலோ சில மாதம் சீப்பு படாமல் கிடந்த முடியில் எண்ணெயும் வேர்வையும் புழுதியும் ஏறும். உப்புத் தண்ணீரில் அலசினால் முடி இன்னும் சொரசொரப்பாகும். முடியின் மேல்புறத்தில் கண்ணுக்குத் தெரியாத செதில்கள் உண்டு. அவை நிமிர்ந்து ஒன்றோடொன்று மாட்டிக்கொண்டால் பிறகு பிரிக்க முடியாது. ஈரும் சேர்ந்துகொண்டால் கேட்கவே வேண்டாம். மருத்துவப் புத்தகங்களில் இதற்கு 'பிளிக்கா பொலோனிக்கா' என்று பெயர். ஒரு காலத்தில் போலந்து நாட்டில் இது ரொம்பச் சாதாரணமாக இருந்திருக்கிறது. அங்கேயும் வெட்டினால் நோய் வரும் என்றுதான் பயந்திருக்கிறார்கள். 19-ஆம் நூற்றாண்டில் யோசெப் டீட்ல் என்ற கிராக்கூவ் மருத்துவர் அந்தப் பயத்தை எதிர்த்துப் பெரிய பிரச்சாரமே நடத்தினார். இருக்கன்குடி ஆத்தாளைக் கேள்விப்பட்டே இராத ஊரிலும் இதே சடை, இதே பயம். இதை அந்த அம்மாவிடம் சொன்னபோது அவர் கேட்டது, "அங்கனயும் பொம்பளைகளுக்குத்தான் விழுந்துச்சா?" ஆண்களுக்கும் விழுந்தது என்றேன். அதை ரொம்ப நேரம் யோசித்துக்கொண்டிருந்தார்.

இந்த வேலையில் எனக்கு வழிகாட்டி மகாராஷ்டிரத்தில் இருக்கிறார். புனேயைச் சேர்ந்த நந்தினி ஜாதவ். அழகுக்கலைத் தொழிலில் இருந்தவர். நரேந்திர தபோல்கர் 1989-இல் தொடங்கிய மூடநம்பிக்கை ஒழிப்பு இயக்கத்தில் சேர்ந்து, ஊர் ஊராகப் போய் நூற்றுக்கணக்கான பெண்களின் சடையை எடுத்திருக்கிறார். தபோல்கரை 2013 ஆகஸ்ட் 20 அன்று புனேயில் சுட்டுக் கொன்றார்கள். நந்தினி நிறுத்தவில்லை. அவரைப் பற்றிப் படித்ததில் எனக்குப் பிடித்தது, கத்தரிக்கோலை எடுப்பதற்கு முன்னால் அவர் பேசுகிற பேச்சு. அந்தப் பெண்ணிடம், புருஷனிடம், மாமியாரிடம், தேவைப்பட்டால் பூசாரியிடம். சம்மதம் கிடைக்கும் வரைக்கும் திரும்பத் திரும்பப் போவார்.

அன்றைக்கு நான் சடையை வெட்டவில்லை. வெளிச்சம் பிடித்து, கயிறு கயிறாகத் தூக்கி, தலைத்தோலைப் பார்த்தேன். இரண்டு இடத்தில் புண் இருந்தது, நீர் கசிந்தது. "மொதல்ல இதை டாக்டர்ட்ட காட்டுங்க" என்று விருதுநகர் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்கு அனுப்பினேன். 2022 ஜனவரியில் அந்தக் கல்லூரி வந்த பிறகு இது ஒரு பெரிய சவுகரியம். முன்னெல்லாம் எதற்கெடுத்தாலும் மதுரை பெரியாஸ்பத்திரிதான். வெட்டுவதைப் பற்றி ஒரே ஒரு வார்த்தைதான் சொல்லிவைத்தேன். "இருக்கன்குடியில வருசா வருசம் எத்தனை ஆயிரம் பேரு முடி எறக்குறாக. ஆத்தா என்னைக்காச்சும் வேணாம்னு சொல்லியிருக்காளா?"

ஆடி கடைசி வெள்ளிக்கு முந்தின வாரம் அவரே வந்தார், மகள் இல்லாமல் புருஷனோடு. ஆத்தாளுக்கே காணிக்கையாகக் கொடுத்துவிடுவதாக நேர்ந்துகொண்டாராம். கடையை அடைத்துவிட்டு உட்கார வைத்தேன். சடையை இழுத்துப் பிடித்து வெட்டக் கூடாது. அதன் எடையே தோலைக் கிழித்துவிடும். இடது கையால் கீழிருந்து தாங்கிக்கொண்டு, தலையை ஒட்டி ஒரு விரல் அளவு விட்டுவிட்டு, சின்னக் கத்தரியால் கொஞ்சம் கொஞ்சமாகத்தான் கத்தரிக்க வேண்டும். உள்ளே மாட்டுத்தோல் மாதிரி கெட்டி. என் கட்டைவிரல் மறுநாள் வரைக்கும் வலித்தது. ஒவ்வொரு கயிறும் வந்ததும் அவர் புருஷன் இரண்டு கையாலும் வாங்கி மஞ்சள் துணியில் வைத்தார். எல்லாம் முடிந்த பிறகும் அந்த அம்மா தலையை முன்னால் குனிந்தபடியே உட்கார்ந்திருந்தார். பழக்கம். "நிமிருங்கம்மா" என்றேன். நிமிர்ந்து, இடதுபக்கம் திரும்பினார், வலதுபக்கம் திரும்பினார், மறுபடியும் இடதுபக்கம். புருஷன்தான் அழுதார். மிச்ச முடியை இருக்கன்குடியில் இறக்கிக்கொண்டார்கள்.

"சாமி விஷயத்துல நீ ஏன் தலையிடுற?" என்று பக்கத்துக் கடைக்காரர் கேட்டார். வந்து கேட்டவர் அந்த அம்மா, நேர்ந்துகொண்டதும் அவர், கொடுத்ததும் அவர். என்னிடமிருந்தது கத்தரி.

காது விஷயமும் இதே மாதிரிதான். எங்கள் பக்கத்து அப்பத்தாக்களின் காதைப் பார்த்திருப்பீர்கள். சின்ன வயதிலேயே காது குத்தி, குணுக்குப் போட்டு இழுத்து, தோள் வரைக்கும் வளர்த்து, அதில் தண்டட்டியோ பாம்படமோ தொங்கும். 2023-இல் வந்த 'தண்டட்டி' படத்துக்குப் பிறகு வயசுப் பெண்களுக்கு அதில் ஒரு மோகம். கல்யாண போட்டோவுக்குக் காதில் மாட்டுகிற மாதிரி கவரிங் பாம்படம் கேட்டு வருகிறார்கள். அது சுலபம், காது மடலுக்குப் பின்னால் நைலான் நூல் கொடுத்துத் தாங்கவைத்தால் போதும், வலிக்காது. கஷ்டமான கேள்வி எதிர்ப்பக்கம் இருந்து வரும். பாம்படத்தை விற்றபின்போ அது அடகில் மூழ்கியபின்போ வெறும் வளையமாக ஆடும் காதோடு இருக்கும் கிழவிகளைக் கூட்டிவந்து, "இதை ஒட்டவச்சு விடுங்க" என்பார்கள்.

அப்படி ஒரு பேத்தி வந்தாள். கல்யாணத்துக்கு மூன்று வாரம் இருக்கிறது. சம்பந்தம் சென்னை. "அவங்க வீட்டு ஆளுங்க அப்பத்தா காதையே பாப்பாங்கக்கா." தையல் இல்லாமல் மருந்து வைத்து ஒட்டுகிறார்களாமே, வீடியோவில் பார்த்தேன் என்றாள். அந்த மருந்து பெரும்பாலும் ட்ரைகுளோரோ அசிட்டிக் ஆசிட். ஓட்டையின் உள்விளிம்பைச் சுட்டுப் புண்ணாக்கி, புண் ஆறும்போது இரண்டு பக்கமும் ஒட்டட்டும் என்பது கணக்கு. கம்மல் பாரத்தில் லேசாகக் கீறிய ஓட்டைக்குத் தோல் டாக்டர் அளவு பார்த்து வைக்கலாம். தோள் வரை தொங்குகிற காதுக்கு அதை வைத்தால் வெந்துபோகும். அதுவும் சர்க்கரை இருக்கிற கிழவிக்கு. எந்தப் பார்லரில் யார் செய்தாலும் சரி, என் கடையில் அந்தப் பாட்டிலுக்கு இடமில்லை.

முறையான வழி தையல்தான். மரத்துப்போக ஊசி போட்டு, ஓட்டையின் விளிம்பை எடுத்துவிட்டு, மடலைச் சின்னதாக வடிவமைத்துத் தைப்பார்கள். மதுரை பெரியாஸ்பத்திரியில் பிளாஸ்டிக் சர்ஜரி பிரிவு இருக்கிறது. தையல் பிரித்து, தழும்பு ஆறி, சில மாதம் கழித்துத் தழும்பை விட்டுத் தள்ளிப் புதிதாகக் குத்திக்கொள்ளலாம். மூன்று வாரத்தில் ஆகிற காரியம் இல்லை.

பேத்தியிடம் இவ்வளவும் சொல்லிவிட்டு அப்பத்தாவிடம் திரும்பினேன். "ஒங்களுக்கு வேணுமா அப்பத்தா?" என்றேன். "எனக்கு எதுக்குத்தா?" என்றார் முதலில். பிறகு முந்தானை முடிச்சை அவிழ்த்து, ஒரு சின்ன வெள்ளைக்கல் கம்மலை எடுத்தார். இந்தப் பேத்தியே முதல் சம்பளத்தில் வாங்கிக்கொடுத்தது. "போட எடமில்லைத்தா" என்றார். அவ்வளவுதான் அவருக்கு வேண்டியது. சென்னைக்காரர்கள் என்ன பார்க்கிறார்கள் என்பதெல்லாம் இல்லை. மேல்காதைப் பார்த்தேன். கொப்புப் போட்டிருந்த ஓட்டை தூர்ந்து போகாமல் இருந்தது. சுத்தம் செய்து, கம்மலின் திருகாணியை மெதுவாக ஏற்றிவிட்டேன். ஏறிவிட்டது. பேத்திக்குத்தான் முகம் மாறியது. "இது போதும்க்கா" என்றாள். கல்யாண ஆல்பத்தில் அப்பத்தா அந்தப் பக்கக் காதையே காட்டிக்கொண்டு நிற்கிறார்.

இனி கலர். இதில்தான் நான் கோபப்படுகிறேன், மறைக்கப்போவதில்லை.

மில்லில் வேலை பார்க்கிற ஒரு பெண். நிச்சயம் ஆகிவிட்டது. ஒரு சின்ன டப்பாவைக் கொண்டுவந்து மேஜையில் வைத்தாள். வெளிநாட்டில் இருக்கிற சொந்தக்காரர் மூலம் வந்ததாம். "ஒரு வாரத்துலயே முகம் வெளுத்துருச்சுக்கா. இதையே கை, கழுத்து, முதுகு எல்லாத்துக்கும் நீங்க போட்டுவிடணும், கல்யாணத்துக்குள்ள ஒரே கலரா வரணும்." டப்பாவில் தயாரிப்பாளர் முகவரி இல்லை. உள்ளே என்ன சேர்த்திருக்கிறது என்ற பட்டியல் இல்லை. அடியில் பொடி எழுத்தில் ஒரு வரி இருந்தது: தங்கம், வெள்ளி நகையில் படாமல் பார்த்துக்கொள்ளவும்.

அந்த ஒரு வரி போதும். முகத்தில் பூசுகிற கிரீம் நகையில் படக் கூடாது என்றால் அதில் பாதரசம் இருக்கலாம். உலக சுகாதார நிறுவனமே இதை ஓர் அடையாளமாகச் சொல்லி எச்சரித்திருக்கிறது. எங்கள் ஊர்ப் பெண்ணுக்கு இதை விளக்க ரொம்ப நேரம் ஆகவில்லை. பாதரசம் பட்ட தங்கம் வெளுத்துப் போகும் என்பது எந்த ஆசாரியைக் கேட்டாலும் தெரியும். "மோதிரத்தையே வெளுக்க வைக்கிறது ஒன் கன்னத்துல என்ன செய்யும்?" என்று கேட்டேன்.

தோலுக்கு நிறம் கொடுப்பது மெலனின். பாதரசம் மெலனின் உருவாகத் தேவையான நொதியை முடக்கிவிடும். அதனால்தான் ஒரு வாரத்தில் வெளுப்பு. அதோடு நிற்காமல் தோல் வழியே ரத்தத்துக்குப் போய்ச் சிறுநீரகத்தில் சேரும். பக்கத்துக் கேரளாவில் நடந்தது நிறையப் பேருக்குத் தெரியாது. மலப்புரம் மாவட்டம் கோட்டக்கல்லில் ஒரு மருத்துவமனையில் 2021 ஜூலைக்கும் 2023 செப்டம்பருக்கும் இடையில் சிறுநீரக வடிகட்டிச் சவ்வு பாதிக்கப்பட்ட 22 பேரை ஆராய்ந்திருக்கிறார்கள். அதில் 15 பேருக்கு நெல்-1 என்ற அரிய வகை. அந்த 15 பேரில் 13 பேர் சிவப்பழகு கிரீம் பூசியவர்கள். முகம் அதைப்பு, கால் வீக்கம், சிறுநீரில் நுரை என்று வந்தவர்கள். சிறுநீரக மருத்துவ இதழ் ஒன்றில் அது கட்டுரையாகவே வந்தது.

சட்டம் இல்லாமல் இல்லை. நம் நாட்டு அழகுசாதன விதிகள் 2020-இன்படி, தவிர்க்க முடியாமல் கலந்தால்கூடப் பாதரசம் பத்து லட்சத்தில் ஒரு பங்கைத் தாண்டக் கூடாது. கண்ணுக்குப் பூசுகிறவற்றுக்கு மட்டும் தனி அளவு. பாதரசத்தைக் கட்டுப்படுத்த உலக நாடுகள் போட்ட மினமாட்டா உடன்படிக்கை 2017-இல் நடைமுறைக்கு வந்தது. 2023-இல் ஜெனிவாவில் கூடி, பாதரசம் சேர்த்த அழகுசாதனம் எதுவுமே 2025-க்குப் பிறகு கூடாது என்று முடிவெடுத்தார்கள். ஆனாலும் டப்பா திருச்சுழிக்கு வந்து சேர்கிறது.

டப்பாவில் வருவதாவது வெளிநாட்டுச் சரக்கு. மெடிக்கலில் கிடைக்கிற ஸ்டீராய்டு களிம்பு அதைவிடப் பெரிய தொல்லை. படைக்குக் கொடுக்கிற மருந்து; பூசினால் முதலில் பளபளவென்று ஆகும். சில மாதத்தில் கன்னத்துத் தோல் வெங்காயச் சருகாக மெலிந்து, சிவப்பு நரம்பு தெரியும், பரு கிளம்பும், மீசை முளைக்கும். நிறுத்தினால் எரியும்; அதனால் மறுபடியும் பூசுவார்கள். 2011-இல் வெளியான ஓர் ஆய்வில், நாட்டின் 12 மையங்களுக்கு முகத்தோல் பிரச்சினையோடு வந்த 2926 பேரைப் பார்த்ததில் 433 பேர் முகத்துக்கு ஸ்டீராய்டு பூசிக்கொண்டிருந்தார்கள். 2018-இல் மத்திய அரசு 14 ஸ்டீராய்டு களிம்புகளைச் சீட்டில்லாமல் விற்கக் கூடாத பட்டியலில் சேர்த்தது. இன்றைக்கும் "அந்த ட்யூப் ஒண்ணு" என்று கேட்டால் சில கடைகளில் சீட்டைக் கேட்காமல் எடுத்துக்கொடுக்கிறார்கள். அந்த முகங்களோடு பேஷியலுக்கு வருகிறவர்களை நான் தொடுவதே இல்லை. பிளீச் கூடாது, ஆவி கூடாது, ஸ்கிரப் கூடாது. தோல் டாக்டரிடம் அனுப்பிவிடுவேன். தானாகத் திடீரென்று நிறுத்தவும் வேண்டாம், டாக்டர் சொல்கிறபடி படிப்படியாக விடுங்கள் என்று சொல்லி அனுப்புவேன்.

மில்லுப் பெண்ணின் டப்பாவை வாங்கி வைத்துக்கொண்டேன். சிறுநீரில் புரதம் போகிறதா என்று ஆரம்ப சுகாதார நிலையத்தில் பார்த்துவிட்டு வா என்றேன். பார்த்தாள், போகவில்லை. யாருக்கு வேணும் இந்தக் கலர் என்று அன்றைக்கே கேட்டிருந்தேன். "எங்க அத்தை" என்றாள், வரப்போகிற மாமியார். அந்த அத்தை கல்யாணத்தன்று மணமகள் அறைக்கே வந்து, "ரெண்டு ஷேடு ஏத்திவிடும்மா, காசு சேத்துத் தாரேன்" என்றார். இப்படிக் கேட்பவர்களிடம் நான் விவாதம் செய்வதில்லை. பெண்ணின் தாடை ஓரத்தில் ஒரு பக்கம் அவளுடைய ஷேடு, மறுபக்கம் அவர் கேட்கிற ஷேடு, இரண்டையும் தடவி, அறைக்கு வெளியே மண்டபத்து விளக்குக்குக் கீழே நிறுத்தி, பிளாஷ் போட்டு போனில் எடுத்துக் காட்டினேன். ஏற்றிய பக்கம் சாம்பல் பூத்துக் கழுத்து வேறு, முகம் வேறாகத் தெரிந்தது. மற்றப் பக்கம் மாநிறத்தில் மஞ்சள் மினுங்கியது. அத்தை போனை வாங்கிப் பெரிதாக்கிப் பார்த்தார். "இந்தப் பக்கமே போடு" என்றார். சென்னையில் கவிதா இம்மானுவேல் 2009-இல் 'டார்க் இஸ் பியூட்டிஃபுல்' என்று இயக்கம் ஆரம்பித்தார். 1975-இலிருந்து விற்ற 'ஃபேர் அண்ட் லவ்லி' கிரீம் 2020-இல் பெயரை மாற்றிக்கொண்டது. இதெல்லாம் நல்லதுதான். எங்கள் பக்கத்து மணமகள் அறையில் வேலை செய்வது போனில் காட்டுகிற அந்தப் போட்டோ.

பட்டாசு ஆபீஸ் பெண்கள் கேட்பது வேறு மாதிரி. நகக்கண்ணிலும் ரேகையிலும் அலுமினியப் பொடி ஏறி வெள்ளியாக நிற்கும். "நிச்சயத்துக்குப் போட்டோ எடுப்பாக, கை மட்டும் சுத்தமா வேணும்." எலுமிச்சையும் சோப்புத்தூளும் போட்டுத் தேய்த்துத் தோலை அறுத்துக்கொண்டு வருவார்கள். தேங்காய் எண்ணெயில் நன்றாக ஊறவைத்து, மென்மையான பிரஷ்ஷால் எடுத்து, பிறகு சோப்பு. இதற்கு நான் காசு வாங்குவதில்லை.

அவர்களில் ஒருத்திக்கு வெடி விபத்தில் கழுத்திலிருந்து தோள் வரை தீத்தழும்பு. தங்கச்சி கல்யாணத்துக்கு மறைக்க வேண்டும் என்று வந்தாள். யாருக்கு வேணும் என்றேன். "எனக்குத்தான். ஒரு நாள் யாரும் அதைப் பத்திக் கேக்காம இருக்கணும்" என்றாள். அதைவிட நேர்மையான காரணம் எனக்கு யாரும் சொன்னதில்லை. தீத்தழும்பில் எண்ணெய்ச் சுரப்பியும் வேர்வைச் சுரப்பியும் அழிந்து போயிருக்கும். சாதாரண மேக்கப் அதில் பிடிக்காமல் விரிந்துவிடும். காயம் முழுசாக ஆறியிருக்கிறதா, நிறம் நிலைத்திருக்கிறதா என்று பார்த்துத்தான் தொட வேண்டும். இவளுக்கு ஆறிப் பல வருஷம். ஒரு வாரம் முன்னாடியே காதுக்குப் பின்னால் கொஞ்சம் தடவிப் பார்த்து, அலர்ஜி இல்லை என்று உறுதிப்படுத்திக்கொண்டேன். ஈரப்பதத்துக்கு வாசலின் மாதிரி ஒன்றை மெல்லியதாகப் போட்டுத் துடைத்து, நீலம் ஓடிய இடத்துக்கு ஆரஞ்சு கரெக்டர், அதன் மேல் கெட்டியான கேமஃபிளாஜ் கிரீமைத் தேய்க்காமல் ஒற்றி ஒற்றி, பவுடர் வைத்து அழுத்தி, பத்து நிமிஷம் விட்டு உதறினேன். மேடு பள்ளத்தை மறைக்க முடியாது, நிறத்தை மட்டும்தான் மறைக்க முடியும் என்பதை முன்னாலேயே சொல்லியிருந்தேன். அவள் சாயங்காலம் வரை மண்டபத்தில் பந்தி விசாரித்துக்கொண்டிருந்தாள்.

மற்றதெல்லாம் சுருக்கமாக. கையில் குத்திய பச்சையில் இருக்கும் பேரை அழிக்கக் கேட்பார்கள். ஆசிட், உப்பு எதையும் நான் வைக்க மாட்டேன், லேசர் வைத்திருக்கும் தோல் டாக்டரிடம் பல தடவை போக வேண்டும் என்று சொல்லிவிடுவேன். "ஜென்ட்ஸுக்கு மசாஜ் உண்டா" என்று ராத்திரியில் போன் வரும்; நம்பரைத் தடை செய்துவிட்டு அடுத்த வேலையைப் பார்ப்பேன், அதைப் பற்றி எழுத ஒன்றும் இல்லை. மருதாணி கறுப்பாக வேண்டும் என்று கேட்கிறவர்களுக்குத் தலைக்கு அடிக்கும் டையில் இருக்கும் பிபிடி என்ற ரசாயனம் கலந்த கோனைக் கொடுக்க மாட்டேன், கொப்புளம் கிளம்பும்.

மகன் கல்யாணத்துக்கு முந்தின வாரம் ஒரு அம்மா வந்தார். புருஷன் தவறிப் பல வருஷம். "ஐப்ரோ எடுக்கணும், ஆனா எடுத்தது தெரியக் கூடாது" என்றார். வில்லாக வளைக்காமல், இயல்பான கோட்டிலேயே நூலை ஓட்டி, கீழே சிதறியதை மட்டும் எடுத்துவிட்டேன். கண்ணாடியைக் கொடுத்ததும் அவர் பார்த்த பார்வையில் இருபது வயசு இருந்தது. "நெத்தியில சின்னதா ஒரு பொட்டு வச்சுக்கிறவா?" என்று என்னைக் கேட்டார். "வச்சுக்கங்கம்மா" என்றேன். கறுப்பில் ஒன்று எடுத்தார், வைத்துவிட்டு மெரூனுக்கு மாற்றிக்கொண்டார்.

போன மாதம் ஓர் அம்மா ஏழாவது படிக்கும் மகளைக் கூட்டிவந்தார். மேலுதட்டில் பூனைமுடி. வேக்ஸ் பண்ணிவிடுங்கள், பள்ளிக்கூடத்தில் 'மீசை'ன்னு கூப்பிடுறாங்க என்றார். அம்மாவை வெளியே பெஞ்சில் உட்காரச் சொல்லிவிட்டுப் பிள்ளையைக் கேட்டேன், இது யாருக்கு வேணும் தாயி என்று. யோசித்துவிட்டு, "அம்மாவுக்கு" என்றாள். "ஒனக்கு?" என்றேன். "ஒரு பையன்தான் சொல்றான். மத்தவங்க சொல்றதில்ல. அவனை மிஸ்கிட்ட சொல்லிக் கண்டிச்சாப் போதும்" என்றாள்.

அம்மாவைக் கூப்பிட்டு அப்படியே சொன்னேன். அந்த வயசில் வேக்ஸ் வேண்டாம், தோல் உரியும். அவளே வந்து கேட்கிற அன்றைக்கு நூலால் எடுத்துவிடுகிறேன், அதற்குக் காசு வேண்டாம். வயசுக்கு வந்த பிறகு மாசம் சரியாக வராமல் முகத்தில் முடியும் கூடினால் டாக்டரிடம் காட்டுங்கள். வகுப்பு டீச்சரை நாளைக்கே போய்ப் பாருங்கள். அந்த அம்மாவுக்கு முழுத் திருப்தி இல்லை. "வந்ததுக்கு எனக்காச்சும் ஐப்ரோ எடுத்துவிடுங்க" என்று நாற்காலியில் உட்கார்ந்தார். பிள்ளை பக்கத்தில் நின்று, நூல் எப்படி முடியைப் பிடிக்கிறது என்று கேட்டுக்கொண்டே இருந்தாள். ஒரு துண்டு நூலைக் கொடுத்து முடிச்சுப் போடக் கற்றுக்கொடுத்தேன். தன் கையில் இருந்த முடியிலேயே பிடித்துப் பார்த்து, "ஆ! வலிக்குது" என்றாள். "இதுக்குத்தான் ஒன்னையக் கேட்டேன்" என்றேன். டீச்சரைப் பார்த்தாயிற்று, பையனை இடம் மாற்றி உட்கார வைத்துவிட்டார்கள் என்று நேற்றுதான் போன் வந்தது.